ஜுலேகா சிரித்த படம்

கதவைச் சாத்தியதும் குளியலறைக்குள் கண் தெரியாத இருட்டு. வளையல் சத்தம் மட்டும் கேட்டது. உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்கே தெரியவில்லை. சிவப்புக் கண்ணாடி போட்ட விளக்கைத் தூக்கிப் பிடித்தேன். செப்பு அண்டாவுக்குப் பின்னால் ஒரு முகம், துணிக்கொடிக்குக் கீழே இரண்டு, என் முழங்கையை ஒட்டி இன்னொன்று. அந்த வெளிச்சத்தில் எல்லா முகங்களும் மருதாணி அப்பினதுபோல் இருந்தன.

“யாரும் அசையக் கூடாது. கதவைத் தொடவே கூடாது” என்றேன்.

“மூச்சு வுடலாமா?” என்று அண்டாவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

கேட்டவர் ஹாஜிரா பீபி, அந்த வீட்டு எஜமானி. அவர் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள்.

பெங்களூரில் தண்டு என்று சொல்கிற கன்டோன்மென்ட் கடைவீதிக்குப் பின்னால் தோல் மண்டி வைத்திருந்த சாயபு ஒருவரின் வீடு அது. முதல் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். என் வீட்டுக்காரர் கூட வராமல் நான் தனியாகப் படமெடுக்கப் போன முதல் வீடும் அதுதான். ஊரார் வீட்டுக் குளியலறையை நான் ஏன் இருட்டறையாக்கினேன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பென்சில் பிடித்த கை

‘அந்தக் காலத்தில் ஒரு பெண்ணின் கையில் காமிரா எப்படி வந்தது?’ என்று கோலார் தங்கவயலிலிருந்து ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். பென்சில் வழியாக வந்தது, அம்மா.

என்னைக் கட்டிக்கொண்டவர் தேவசகாயம். அல்சூர் ஏரிக்குப் போகிற ரோட்டில் அவருக்கு ஒரு ஸ்டூடியோ இருந்தது. வருகிறவர்களில் பாதிப்பேர் பட்டாளத்துச் சிப்பாய்கள். மீசையை முறுக்கி, கழுத்தை நிமிர்த்தி, பிளாஸ்டர் தூண் ஒன்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பார்கள். பிளேட் என்கிற கண்ணாடித் தகட்டில் படம் விழுந்து கழுவிக் காய்ந்த பிறகு, அதில் பென்சிலால் பூசிச் சரிசெய்கிற வேலை ஒன்று உண்டு. கல்யாணமான புதிதில் அதை என்னிடம் கொடுத்தார். பருவை எடுக்கலாம், அம்மைத் தழும்பை எடுக்கலாம். தழும்போடு சேர்த்து ஆளையும் எடுத்துவிடக் கூடாது, அதுதான் அதில் சாமர்த்தியம்.

பென்சிலுக்குப் பிறகு மருந்து கலக்கக் கற்றுக்கொண்டேன். அதன் பிறகு பிளேட் கழுவ. என் விரல் நுனியெல்லாம் பழுப்புக் கறை ஏறிப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போது ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “என்ன எஸ்தரு, கை இப்படிக் கெடக்கு? வீட்டுல என்னத்தக் கழுவறே?” என்றார்.

“ஊர்க்காரங்க மூஞ்சியத்தான் அக்கா” என்றேன். அதற்கப்புறம் அவர் என் கையைப் பற்றிக் கேட்டதில்லை.

ஸ்டூடியோ வாசலில் ஒரு காட்சியை அடிக்கடி பார்ப்பேன். ஜட்கா வந்து நிற்கும். திரையை விலக்கி ஒரு பெண் எட்டிப் பார்ப்பாள். உள்ளே நிற்கிற என் வீட்டுக்காரரைப் பார்த்ததும் திரை விழும். வண்டி திரும்பிப் போய்விடும். திரைக்குள்ளேயே இருக்கிற கோஷா வீட்டுப் பெண்கள் மட்டுமல்ல, நம் வீட்டுப் பெண்களும்தான்.

ஒரு மழைக்காலத்தில் அவர் காய்ச்சலாகப் படுத்திருந்தபோது, ஜோகுபாளையத்திலிருந்து ஒரு அம்மாள் கைக்குழந்தையோடு வந்துவிட்டாள். காலண்டர் பார்த்துக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, பட்டுச்சட்டை போட்டுக் கொண்டுவந்த குழந்தை. திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. நானே எடுத்தேன்.

பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த என் வீட்டுக்காரர், போர்வைக்குள்ளிருந்தபடியே, “நான் எடுத்திருந்தா அந்தப் பாப்பா அழுதிருக்கும்” என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பட்டம் அது.

சாயபு சொன்ன இரண்டு விஷயம்

தோல் மண்டி சாயபு ஸ்டூடியோவுக்கு வந்தது அதற்குப் பிறகு. வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வந்து பெங்களூரில் நிலைத்த குடும்பம். வெள்ளை உடுப்பு, கையில் தடி. என் பக்கம் பார்க்காமல் என் வீட்டுக்காரரிடமே பேசினார்.

அவர் மகன் காதர், பட்டாளத்துக்குச் சேணம் சப்ளை செய்கிற கான்ட்ராக்டில் கணக்குப் பார்க்க ஈராக் பக்கத்து பஸ்ராவுக்குப் போயிருந்தான். அவன் கப்பல் ஏறிய பிறகு இங்கே மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தகப்பன் பிள்ளை முகத்தைப் பார்த்ததில்லை. மண்டிக்கார ஆள் ஒருவர் மறுநாள் சாயங்கால மெயிலில் பம்பாய் போய் அங்கிருந்து கப்பல் ஏறுகிறார். அவர் கையில் தாயும் பிள்ளையுமாக ஒரு படம் கொடுத்தனுப்ப வேண்டும்.

“ஆம்பள யாரும் எடுக்கக் கூடாது. அது ஒண்ணு. எடுத்த கண்ணாடி எங்க வூட்ட வுட்டு வெளிய போவக் கூடாது. அது இன்னொண்ணு” என்றார்.

“எங்க வீட்டுக்காரி எடுப்பாங்க. ஆனா பிளேட்டை இங்க கொண்டாந்து கழுவினாத்தானே சாயபு படம் வரும்?” என்றார் தேவசகாயம்.

“அப்ப நக்கோ. வேணாம்.” சாயபு தடியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

அவர் படியில் கால் வைத்தபோது நான் பேசினேன். “உங்க வீட்டுலயே கழுவித் தரேன். சன்னல் இல்லாத ரூம் ஒண்ணும் நல்ல தண்ணியும் இருந்தாப் போதும்.”

சாயபு அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். “குளிக்கிற ரூமு இருக்கு” என்றார்.

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “எஸ்தரு, அங்க தண்ணி எப்படி இருக்குமோ, இருட்டு எப்படி இருக்குமோ!”

“தண்ணி தண்ணியாத்தான் இருக்கும். இருட்டும் இருட்டாத்தான் இருக்கும்.”

“கெட்டுப் போச்சுன்னா?”

கெட்டுப் போனால் அந்த வீட்டுக் கதவு மட்டுமா மூடும்? அந்தத் தெருவில் எந்த வீட்டுக் கதவும் ஒரு போட்டோக்காரிக்குத் திறக்காது. அதைவிட, பஸ்ராவில் ஒருவன் காத்துக்கொண்டிருந்தான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கறுப்புத் துணிக்குள் மாமியார்

மறுநாள் காலையில் ஜட்காவில் காமிரா, முக்காலி, மருந்து பாட்டில்கள், தட்டுகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினேன். சண்டைக் காலத்தில் சீமையிலிருந்து பிளேட் வருவதே அபூர்வம். எங்களிடம் மிச்சமிருந்த இரண்டையும் எடுத்துப் போயிருந்தேன்.

முற்றத்தில் நல்ல வெளிச்சம். ஜுலேகாவுக்குப் பதினெட்டு வயதிருக்கும். பச்சைப் பட்டுப் புடவை, தலையில் முக்காடு, மடியில் குழந்தை. நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்த மறுநிமிஷம் முகம் கல்லாகிவிட்டது.

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் படங்களில் யாரும் சிரித்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆரம்பத்தில் வெகு நேரம் அசையாமல் இருக்க வேண்டியிருந்ததால் வந்த பழக்கம். பிறகு சட்டென்று படம் பிடிக்கிற பிளேட்டுகள் வந்துவிட்டன. ஆனாலும் முகத்தை இறுக்கி வைத்துக்கொள்வதுதான் மரியாதை என்று ஆகிவிட்டது. சிரித்தால் அற்பம் என்று நினைத்தார்கள். கல்யாணப் படத்தைப் பார்த்தால் கேஸ் தோற்றுவிட்டுக் கோர்ட்டிலிருந்து வந்தவர்கள் மாதிரி இருப்பார்கள்.

நான் கறுப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு காமிராவின் கண்ணாடியில் பார்த்துச் சரிசெய்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்ற ஹாஜிரா பீபி, “அதுக்குள்ள என்னம்மா தெரியுது? நானும் பாக்கட்டா?” என்றார்.

“வாங்கம்மா” என்று துணியைத் தூக்கிப் பிடித்தேன். அவர் தலையை உள்ளே விட்டார்.

காமிராவின் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். எங்களுக்குப் பழகிவிட்டது. அவருக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

“அல்லாவே!” என்று துணிக்குள்ளிருந்து அலறல். வெளியே வந்து ஜுலேகாவைப் பார்த்தார். மறுபடியும் உள்ளே போனார். மறுபடியும் வெளியே வந்தார். “என் மருமவ தலைகீழா தொங்கறா! புள்ளயும் தொங்குது! ஆனா கீழ வுழல!”

நான் விளக்கிச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், நம்பினதாகத் தெரியவில்லை.

முதல் பிளேட்டைப் போட்டேன். ஜுலேகா கல்லாக இருந்தாள், குழந்தை தூங்கியது, யாரும் அசையவில்லை. காமிராவின் கண்ணைத் திறந்து மூடுகிற ரப்பர் பந்தை அழுத்தினேன். சுத்தமான படம், எனக்கே தெரிந்தது. மனசு நிறைந்துவிட்டது.

பத்திரத்துக்கு இருக்கட்டும் என்று இரண்டாவது பிளேட்டையும் போட்டு, பந்தைக் கையில் எடுத்தேன். அப்போது மாமியார் மருமகளைப் பார்த்து, மிகவும் கவலையாக, “அடி ஜுலேகா, இப்பவாச்சும் நேரா ஒக்காருடி. எம் புள்ள பாத்தா பயந்துருவான்” என்றார்.

ஜுலேகா வெடித்துச் சிரித்துவிட்டாள். முக்காடு நழுவித் தோளில் விழுந்தது. குழந்தை கண் விழித்து அம்மாவை அண்ணாந்து பார்த்தது. என் கை பந்தை அழுத்திவிட்டது. அழுத்த வேண்டும் என்று நினைத்து அழுத்தினேனா, நானும் சிரித்ததில் அழுந்திவிட்டதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்த பிளேட் வீண், போகட்டும், நல்லது ஒன்று இருக்கிறதே என்று சமாதானம் செய்துகொண்டேன்.

ஒரு டம்ளர் டீ

குளியலறைக்கு வந்துவிட்டேன் அல்லவா? கதவிடுக்கில் கம்பளி சொருகி, கூரை ஓட்டையில் துணி அடைத்து, தட்டுகளைத் துவைக்கிற கல்லின் மேல் வரிசையாக வைத்திருந்தேன். நல்ல பிளேட்டை முதலில் எடுத்து மருந்தில் போட்டேன். தட்டை மெதுவாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்த கண்ணாடியில் மெல்ல நிழல் ஏறியது. நாற்காலி வந்தது. புடவை மடிப்பு வந்தது. யாருமே மூச்சு விடவில்லை.

அப்போது கதவு திறந்தது.

பகல் வெளிச்சம் மொத்தமும் உள்ளே வந்து கொட்டியது. வாசலில் ஜுலேகாவின் நாத்தனார் மைமூன் நின்றாள். கையில் டீ டம்ளர்.

“காலைலேர்ந்து ஒண்ணும் குடிக்கலியே அக்கா நீங்க” என்றாள்.

அவள்மேல் என்ன தப்பு? நான் எச்சரிக்கை சொன்னபோது அவள் சமையல்கட்டில் இருந்தாள். என் கண் முன்னால் பிளேட் சாம்பல் பூத்து, நிமிஷத்தில் அடுப்புக் கரியாகப் போயிற்று. விஷயம் புரிந்ததும் மைமூன் டம்ளரை வைத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினாள். நான் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரரின் ‘கெட்டுப் போச்சுன்னா?’ காதில் கேட்டது.

ஜுலேகா பக்கத்தில் வந்து குந்தினாள். “அக்கா, இன்னொண்ணு இருக்கு இல்ல?”

இருந்தது. மரச்சட்டத்துக்குள் வெளிச்சம் படாமல் பத்திரமாக இருந்தது. “அது நீ சிரிச்சதும்மா. ஆடியிருக்கும். சரியா வந்திருக்காது.”

“வந்த வரைக்கும் வரட்டும். டீயக் குடிங்க மொதல்ல.”

குடித்தேன். ஏலக்காய் தட்டிப் போட்ட டீ. அவள் கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். “இப்ப என்னத் தாண்டி யாரு வரா பாப்போம்” என்றாள்.

இரண்டாவது பிளேட்டை மருந்தில் போட்டேன். நிழல் ஏறியது. விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். ஆடவில்லை. ஒரு மயிரிழைகூட ஆடவில்லை.

மாமியார் எட்டிப் பார்த்தார். கண்ணாடியில் கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் இருக்கும். “ஐயோ, மூஞ்சி கருகிப்போச்சே! பல்லு தாருல முக்கின மாதிரி இருக்கே!” என்றார்.

“வெய்யில்ல வெச்சா வெளுத்துரும்மா” என்றேன்.

“நாமெல்லாம் வெய்யில்ல நின்னாக் கறுப்பாவோம். இது வெளுத்துருமா?”

மொட்டை மாடி

கழுவிய பிளேட்டை மாடி நிழலில் காய வைத்தோம். பெங்களூர்க் காற்றுக்கு நன்றி, சீக்கிரம் காய்ந்தது. பிறகு சட்டத்துக்குள் அதை வைத்து, அடியில் மருந்து பூசிய காகிதத்தை வைத்து வெயிலில் சாய்த்தேன். அந்தக் காகிதத்தில் படம் வெயிலிலேயே ஏறும், கண்ணெதிரே ஏறும்.

வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். மைமூன் மட்டும் தள்ளி நின்றாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். அவ்வப்போது சட்டத்தின் பின்பக்கத்தைப் பாதி திறந்து காகிதத்தைத் தூக்கிக் காட்டினேன்.

முதலில் தலைமுடி வந்தது. பிறகு கண். மூக்குத்தியின் நிழல். குழந்தையின் கன்னத்து மடிப்பு. உதடு கருக்கக் கருக்க, நடுவில் பல் பளிச்சென்று வெளுத்தது.

ஜுலேகா வாயைப் பொத்திக்கொண்டாள். “இது நானா?”

“பின்ன யாரு? நாந்தான்” என்றார் மாமியார். மாடி முழுக்கச் சிரிப்பு. எதிர் வீட்டுக் கூரையிலிருந்த புறாக்கள் எழுந்து பறந்தன.

நிறம் நிலைக்க மருந்துத் தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி எடுத்துக்கொண்டு கீழே வந்தோம். ரயிலுக்குப் போகிற ஆள் வாசலில் காத்திருந்தார். சாயபு படத்தைக் கையில் வாங்கினார். சன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

“சிரிக்குது” என்றார்.

ஒரு குடும்பத்து மருமகள், முக்காடு நழுவி, வாய் விட்டுச் சிரிக்கிற படம். வேறு பிளேட் இல்லை, வேறு நாளும் இல்லை.

“இதையா அனுப்பறது?” என்று சாயபு மனைவியைப் பார்த்தார்.

அதுவரை விளையாட்டாகவே பேசிக்கொண்டிருந்த ஹாஜிரா பீபியின் குரல் மாறியது. “உங்க புள்ள சண்டை நடக்கற ஊருல கெடக்கறான். அங்க அழுவற மூஞ்சிக்குப் பஞ்சமா? இங்கேர்ந்து போறதாச்சும் சிரிச்சிக்கிட்டுப் போவட்டுமே.”

சாயபு தலையைக் குனிந்துகொண்டார். பிறகு படத்தைப் பட்டுத்துணியில் சுற்றி, உறையில் போட்டு, அரக்கு வைத்து ஒட்டி ரயிலேறப் போகிறவரிடம் கொடுத்தார். பிளேட்டை நான் அவர் கையில் கொடுத்தேன். இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அது. ஒரு பிரதிகூட என்னிடம் கிடையாது. அதில் எனக்கு வருத்தமும் கிடையாது.

அடுத்த வாரம் புது பிளேட் பெட்டி வந்து சேர்ந்ததுமே அந்தத் தெருவில் இன்னொரு வீட்டிலிருந்து ஜட்கா வந்தது. அதற்கடுத்து இன்னொன்று. ‘குளிக்கிற ரூமு இருக்கு’ என்றுதான் எல்லோரும் சொல்லி அனுப்புவார்கள். என் வீட்டுக்காரர் ஸ்டூடியோவின் பின்கட்டில் எனக்கென்று தனிக் கதவும் வெளிச்சத்துக்குக் கூரையில் கண்ணாடியும் போட்டுக் கொடுத்தார். அந்தப் பக்கம் எந்த ஆண்பிள்ளையும் வரக் கூடாது, அவர் உட்பட.

காதர் வந்தார்

சண்டை முடிந்து வெகு நாள் கழித்து, ஒரு பகலில் பின்கட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். புர்காவில் ஜுலேகா, பக்கத்தில் வெயிலில் கறுத்து மெலிந்த ஒரு மனிதர். காதர். அவள் புருஷன் என்பதால் அன்றைக்கு மட்டும் ஒரு ஆண்பிள்ளையை உள்ளே விட்டேன்.

“போட்டோக்கார அம்மா நீங்கதானா?” என்றார். “அந்தப் படம் வந்து சேந்துது. அங்க மணல்காத்து அடிச்சா முன்னால நிக்கற ஆளு தெரியாது. டென்ட்டுல ஒக்காந்து பெட்டியத் தெறந்து பாப்பேன், எனக்கும் சிரிப்பு வந்துரும். கூட இருக்கறவங்க, ‘என்னய்யா தனியா சிரிக்கறே’ன்னு கேப்பாங்க. யாருக்கும் காட்ட முடியாதே! கடைசி வரைக்கும் பைத்தியம்னே பேரு வாங்கினேன்.”

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குழந்தை வளர்ந்திருந்தாள். அம்மாவின் புர்காவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ஒரு கண்ணால் மட்டும் அவரைப் பார்த்தாள். “வந்து பத்து நாளாச்சு அக்கா. கிட்டவே போவ மாட்டேங்கறா. இவரு தூக்கினா அலறுறா. மூணு பேருமா ஒரு படம் எடுக்கணும்னு வந்தோம்” என்றாள் ஜுலேகா.

ஜுலேகா புர்காவைக் கழற்றி வைத்ததும் முயன்று பார்த்தோம். அப்பாவின் மடியில் வைத்ததும் குழந்தை அம்மாவின் தோளுக்குத் தாவியது. அம்மா மடியில் இருந்தால் அப்பாவுக்கு முதுகைக் காட்டியது. நான் துணிக்குள் தலையை விட்டதும் என்னைப் பார்த்தே பயந்தது.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. “நீ இங்க வா” என்று ஜுலேகாவைக் காமிராவுக்குப் பக்கத்தில் கூட்டி வந்தேன். “பாப்பாவுக்கு எதிர்ல உன் முகம் தெரியட்டும். நான் எல்லாம் சரிபண்ணித் தரேன். இந்தப் பந்த நீயே அழுத்து.”

“நானா?”

“நீதான்.”

அவள் முக்காட்டை இழுத்து இடுப்பில் செருகினாள். ரப்பர் பந்தை உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை எடை பார்த்தாள். குழந்தை அம்மாவைப் பார்த்துக்கொண்டே அப்பாவின் மடியில் இருந்தது. தாவவில்லை. என்ன நடக்கிறது என்ற ஆச்சரியத்தில் கையை எதிலாவது ஊன்ற வேண்டியிருந்தது. அப்பாவின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது.

காதர் அந்த விரலைக் குனிந்து பார்க்கப் போனார்.

“அசையாதீங்க!” என்றாள் ஜுலேகா.

புருஷனை அவள் அப்படி அதட்டியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பஸ்ரா வரை போய் வந்த அந்த மனிதர், மூச்சைப் பிடித்துக்கொண்டு, மகளின் கைக்குள் தன் விரலை விட்டுவிட்டு, அப்படியே இருந்தார். அவள் பந்தை அழுத்தினாள்.